மஞ்சள் கோட்டில் ஒரு நொடி

மார்ச் 2

அண்ணனுக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் அம்மா முன்னால் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இது வாக்குத் தவறியதாக ஆகாது. உறையைப் பார்த்ததும் "இறங்கி வந்துட்டா" என்று நீ மீசையைத் தடவிக்கொள்ள வேண்டாம். வேலை விஷயமாக எழுதுகிறேன்.

அம்மா வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனிக்கு இந்த மாதம் 23ஆம் தேதி ஆண்டு விழா. வழக்கமாகப் படம் எடுப்பவர் மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். போன வருஷம் அவர்களுடைய விளையாட்டுப் போட்டியை நான் எடுத்தது நினைவிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நானும் சரி என்று சொல்லிவிட்டு ஜம்பமாக வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. விழா மைதானத்தில் இல்லை, ஹாலில். ஜன்னல் ஒன்றுகூட இல்லாத ஹால்.

பத்து வருஷமாக வெயிலை நம்பிப் பிழைத்தவள் நான். கூரைக்குக் கீழே நடப்பதெல்லாம் உன் பொறுப்பு என்றுதானே பிரித்து வைத்திருந்தோம். நீ போகும்போது ஃபிளாஷ் இரண்டையும் சின்ன அத்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எனக்கு மிச்சம் விட்டது பெரிய மாமாவை மட்டும். அவர் நல்லவர்தான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டு வருவார். ஆனால் உச்சி வெயில் அடித்தால்தான் கண்ணே தெரியும், கனமும் அதிகம், நம் நிஜப் பெரிய மாமா மாதிரியே. இருட்டில் யார் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்றுதானே அந்தக் குட்டி லென்ஸுக்கு நீ அத்தையின் பெயரை வைத்தாய். இப்போது எனக்கு அந்தக் கண்தான் வேண்டும்.

இது வெறும் ஆண்டு விழா என்றால் எப்படியாவது ஒப்பேற்றிவிடுவேன். முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு மேடையில் கேடயம் கொடுக்கிறார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று பேர். பதினேழாவது பெயர் அம்மாவுடையது. அம்மாவுக்குக் கண் திறந்த படம் ஒன்றுகூட நம்மிடம் கிடையாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தூங்குகிறார். கம்பெனி அடையாள அட்டையில் பாதித் தூக்கம். வாசலில் நிற்கும் காவலர் தினமும் "இன்னும் எழுந்திருக்கலையாம்மா" என்று கேட்கிறாராம். முப்பது வருஷமாகக் குப்பியில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று இமைக்காமல் பார்த்த கண் அது. ஒரே ஒரு படத்திலாவது அது திறந்திருக்க வேண்டும் அண்ணா.

ஃபிளாஷையும் சின்ன அத்தையையும் அனுப்பு. மற்ற எதையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

தங்கை

* * *

மார்ச் 5

வெயில்காரிக்கு,

மீசையைத் தடவவில்லை. ஜனவரியிலேயே எடுத்துவிட்டேன்.

ஃபிளாஷ் இரண்டும் இங்கே ஸ்டூடியோவில் ஸ்டாண்டில் மாட்டியிருக்கின்றன. காலை முதல் மாலை வரை பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். "காதைக் காட்டுங்க, சிரிக்காதீங்க, நெத்தி முடியை ஒதுக்குங்க." ஒரு நாளைக்கு அறுபது பேரைச் சிரிக்காதே என்று சொல்லிச் சொல்லி எனக்கே சிரிப்பு மறந்துவிட்டது. ஃபிளாஷைக் கழற்றினால் முதலாளி என்னைக் கழற்றிவிடுவார்.

கொடுத்தாலும் உனக்கு என்ன பிரயோஜனம்? ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பாய். எல்லாரும் திருட்டில் பிடிபட்டவர்கள் மாதிரி வந்து நிற்பார்கள். அதைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்ப வேண்டும். கூரையும் சுவரும் வெள்ளையாக இருக்க வேண்டும். சுவர் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிற விஷயத்தை உன்னிடம் போய்ச் சொல்கிறேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நம் ஸ்டூடியோச் சுவருக்கு நீ பூசிய அந்த நிறத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மூன்று வாரம் என்னிடம் படம் எடுத்துக்கொண்ட அத்தனை பேரும் மஞ்சள் காமாலைக்கும் விஷக்கடிக்கும் நடுவில் ஒரு நோயில் இருந்தார்கள். ஒரு கல்யாணப் பேச்சே நின்றுபோனது, பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று. பெண் அப்பழுக்கில்லாமல் இருந்தாள். சுவருக்குத்தான் சரியில்லை.

முதலில் ஹாலைப் போய்ப் பார். கூரை எவ்வளவு உயரம், என்ன நிறம். மேடைக்கு மேலே என்ன விளக்கு. நீ எங்கே நிற்க விடுவார்கள். இதையெல்லாம் கேட்காமல் வேலையை ஒப்புக்கொள்கிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

அம்மாவின் கண் விஷயத்தை மறந்துவிடு. இருபது வருஷம் முயன்று பார்த்தவன் சொல்கிறேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். மூன்றில் மூடிக்கொள்வார், ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி. எண்ணாமல் எடுத்தாலும் ஃபிளாஷுக்கு முன்னால் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார்.

லென்ஸைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். இனிமேல் ஸ்டூடியோ முகவரிக்கு எழுதாதே. முதலாளி உறையைப் பிரித்துப் படிக்கிறார். நான் தங்கியிருக்கும் சின்ன அத்தை வீட்டு முகவரிக்கே எழுது.

அண்ணன்

* * *

மார்ச் 8

அண்ணனுக்கு,

ஹாலைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்காமலேயே இருந்திருக்கலாம். இரண்டு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கூரை இரண்டு மாடி உயரம், அதுவும் அடர்ந்த பழுப்பு மரப்பலகை. எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். பக்கச் சுவர்களின் நிறத்தை நான் எழுதப் போவதில்லை, நீயும் எழுதாத நிறம்தான். அச்சு அசல் அதே நிறம். என்னைத் துரத்திக்கொண்டே வருகிறது. மேடையில் ஓர் ஓரத்தில் மஞ்சள் விளக்கு, இன்னோர் ஓரத்தில் நீல வெளிச்சம், பின்னால் சுவர் அளவுக்குத் திரை. சோதனைக்கு அங்கே நின்ற தோட்டக்காரரை எடுத்தேன். இடது கன்னம் வெந்தது மாதிரியும் வலது கன்னம் விறைத்தது மாதிரியும் வந்திருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே நிர்வாக அதிகாரி ஒருவர். கையில் எப்போதும் பட்டியல் இருப்பதால் பட்டியலம்மா என்று நானே பெயர் வைத்துவிட்டேன். நான் செய்யக் கூடாதவை மட்டும் இரண்டு பக்கம். நடுப்பாதையில் நிற்கக் கூடாது. மேடையில் ஏறக் கூடாது. வீடியோவுக்குக் குறுக்கே வரக் கூடாது. யார் கண்ணிலும் படக் கூடாது. ஃபிளாஷ் கூடவே கூடாது, மற்றக் கிளைகளுக்கு நேரடி ஒளிபரப்பு போகிறதாம், திரை வெளுத்துவிடுமாம். "அப்புறம் நான் என்னதான் மேடம் செய்யட்டும்?" என்றேன். "நல்ல படம் எடுங்க" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஒருவருக்குப் பத்து நொடி. இந்தப் பக்கம் ஏறி, வாங்கி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். நின்று போஸ் கொடுக்க நேரம் கிடையாது. பெரிய மாமாவை வைத்து நடக்கிற ஆளை அந்த வெளிச்சத்தில் எடுத்தால் புகைதான் வரும்.

ஆகவே யோசித்தது போதும். உடனே சின்ன அத்தையை அனுப்பி வை. அவள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. வயசாகிவிட்டது, கழுத்து லேசாக ஆடும், மூஞ்சியில் ஒரு கீறல், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இருட்டில் அவளை அடிக்க இன்னும் ஆள் வரவில்லை. இத்தனை நாள் அவள் அருமை எனக்குத் தெரியாமல் போச்சே என்று இருக்கிறது. நீ அவளை ஒரு மூலையில் போட்டு வைத்திருப்பாய், அதுவும் தெரியும். இந்த வாரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

தங்கை

* * *

மார்ச் 12
ஸ்டூடியோ, உடை மாற்றும் அறை

தங்கைக்கு,

நான் இந்தக் கடிதத்தை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று மேலே பார். இரண்டு நாளாக இங்கேதான் படுக்கை. படுக்கை என்பது ஒரு பெஞ்சும், வாடகைக் கோட்டு மூன்றும்.

அத்தை உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டார். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சைக் கேட்டவரிடம் ஓர் உறை தப்புமா? முதலாளிக்குப் பயந்து வீட்டு முகவரியைக் கொடுத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பெயரில் ஒரு லென்ஸ் இருப்பது அவருக்குத் தெரியாது. எந்தத் தைரியத்தில் சொல்வேன்? வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. கதவில் ஒரு சீட்டு. அப்படியே எழுதுகிறேன்:

"புள்ளைக்கு நான் இல்லாம வேலை நடக்காதாம். கிளம்பிட்டேன். அவள் இவள்னு எழுதியிருக்கா, போனா போகுது. என் கழுத்து ஆடுதுன்னு அவகிட்ட சொன்னது யாருன்னு வந்து கேட்டுக்கிறேன். நீ என்னை மூலையில போட்டு வெச்சிருக்கேன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு பாரு. சாப்பாடு வெளியில பாத்துக்க."

சாவியையும் கொண்டு போய்விட்டார். என் சாவியை ஜனவரியில் தொலைத்துவிட்டேன், மீசையோடு சேர்த்து. என் துணி, ஷேவிங் செட், நீ கேட்கிற லென்ஸ், எல்லாம் உள்ளே. பூட்டை உடைத்தால் அத்தை என்னை உடைப்பார். அவருக்குப் போன் செய்தால் "லைன் சரியில்லை" என்று வைத்துவிடுகிறார். முப்பது வருஷம் லைன் போட்டுக் கொடுத்தவர் சொல்கிறார், லைன் சரியில்லையாம்.

அம்மாவிடம் சொல்லலாம் என்றால் அவருடைய சட்டம்தான் உனக்குத் தெரியுமே. ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் பேசமாட்டாராம், நாமும் அவரிடம் அப்படிப் பேசக் கூடாதாம்.

சாவியை உடனே கூரியரில் அனுப்பு. கிடைத்த அன்றே லென்ஸ் வரும்.

அண்ணன்

* * *

மார்ச் 14

அண்ணனுக்கு,

வந்துவிட்டார். ஒரு பெட்டி, இரண்டு பை, ஒரு தலையணை. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "இந்த வீட்டுல என்னையும் ஒரு ஆளா நினைச்சு ஒருத்தி லெட்டர் போட்டாளே" என்றார். இதற்கு மேல் நான் எந்த வாயால் லென்ஸ் என்று சொல்லட்டும்? சொல்லவில்லை. நீயும் சொன்னால் உன்னைக் கொன்றுவிடுவேன்.

சாவியைக் கேட்டேன். தரமாட்டாராம். "வீட்டுச் சாவியைத் தபாலில் போடுவாங்களா? வேணும்னா வந்து வாங்கிக்கச் சொல்லு" என்று இடுப்பில் செருகிக்கொண்டார். ஆக லென்ஸ் இல்லை, ஃபிளாஷ் இல்லை. அத்தை இருக்கிறார். நன்றி.

சும்மா இருக்கிறாரே என்று அவரையே நிற்க வைத்துப் பழகினேன். கூடத்து ஜன்னலை எல்லாம் போர்வையால் மூடி, ஒரே ஒரு விளக்கைப் போட்டு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு ஒட்டினேன். கையில் கிடைத்தது மஞ்சள் டேப். அத்தை சமையலறையிலிருந்து நடந்து வந்து, சேர்மனாக நடிக்கிற அலமாரியிடம் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கோட்டில் நில்லுங்கள் என்றால் நிற்கமாட்டார். "நடக்கும்போது நின்னா நடை கெட்டுப்போகும்" என்பார். நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் அத்தை ஆவி மாதிரி வருகிறார்.

அப்போது அம்மா வேலையிலிருந்து வந்தார். நாங்கள் செய்கிற கூத்தைப் பார்த்து, "கம்பெனியில என் மானத்தை வாங்காம விடமாட்டே" என்று திட்டிக்கொண்டே உள்ளே போனார். போகும் வழியில் கோடு. திட்டை நிறுத்தவில்லை அண்ணா, ஆனால் கால் நின்றது. இரண்டு பாதமும் சேர்ந்து, கட்டைவிரல் கோட்டைத் தொடாமல், சரியாக ஒரு நொடி. பிறகு கடந்து போனார். எதற்கு நின்றாய் என்று கேட்டேன். "நான் எங்க நின்னேன்?" என்கிறார்.

தொழிற்சாலைக்குள் சரக்கு வண்டி குறுக்கே போகிற வழியெல்லாம் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களாம். கோட்டில் நிற்காமல் போனால் அன்றைய கூலியில் பாதி வெட்டு, முதல் வருஷத்திலிருந்து. முப்பது வருஷம் நின்ற கால். நாற்பத்து மூன்று பேருக்கும் அதே கால்தானே?

மேடையில் ஏறக் கூடாது என்றுதான் பட்டியலில் இருக்கிறது. டேப் ஒட்டக் கூடாது என்று இல்லை. மேடையில் எந்த இடத்தில் வெளிச்சம் முகத்தில் நேராக விழுகிறது என்று ஒத்திகை நாளில் பார்த்து, அங்கே ஒட்டப் போகிறேன். உன் ஃபிளாஷை நீயே வைத்துக்கொள்.

இன்னொன்று. அந்தச் சுவருக்கு நான் ஏன் பூசினேன் என்று நீ கேட்கவே இல்லை. உன் பிறந்தநாளுக்கு நீ ஊரிலிருந்து திரும்பும்போது நம் ஸ்டூடியோ பளிச்சென்று இருக்கட்டும் என்று, இரண்டு நாள் ஏணியில் நின்று நானே பூசினேன். நீ உள்ளே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை "யார் இந்தக் கேவலத்தைப் பண்ணது?"

தங்கை

* * *

மார்ச் 17

தங்கைக்கு,

பிறந்தநாள் என்று யார் சொன்னார்கள்? நீ சொன்னாயா? ஏணியில் நின்றுகொண்டு என்னைவிட சத்தமாகக் கத்தினாய், அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. சரி, விடு.

டேப் யோசனை கிறுக்குத்தனமாக இருக்கிறது. ஆனால் என்னிடம் அதைவிட நல்ல யோசனை இல்லை. அதைச் சொல்வதற்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா?

நிறத்துக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், கேட்டுத் தொலை. கோடு ஒட்டிய இடத்தில் யாரையாவது ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல். அந்தத் தாளைப் படமெடுத்து, 'இந்த இடத்தில் இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடு. அப்புறம் சுவர் எந்த நிறத்தில் பல்லைக் காட்டினாலும் முகம் முகமாக வரும். வெள்ளை என்றால் வெள்ளை. பால் கலர், சந்தனக் கலர் எல்லாம் உனக்கு வெள்ளையாகத் தெரியும், அது வெள்ளை இல்லை. இந்தக் கடிதத்தைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன். பின்பக்கம் பாஸ்போர்ட் ஸ்டூடியோவின் சுத்த வெள்ளை.

எண்ணாதே. அம்மா வரும்போது ஒன்று, இரண்டு என்று மனசுக்குள்கூட எண்ணாதே.

நான் இன்னும் கோட்டுகளைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன். நேற்றுக் காலையில் ஒரு மாப்பிள்ளை போட்டுக்கொண்ட கோட்டில் என் சீப்பு இருந்தது. சாவி என்ன ஆயிற்று?

அண்ணன்

* * *

மார்ச் 25

அண்ணனுக்கு,

முடிந்தது.

ஒத்திகை நாளில் அத்தையை மேடையில் ஏற்றி, வெளிச்சம் விழுகிற இடத்தில் டேப்பை ஒட்ட வைத்து, அங்கேயே நிறுத்தி உன் கடிதத்தின் பின்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன். பட்டியலம்மா ஓடி வந்து, "இவங்க யாரு?" என்றார். அத்தை அசரவில்லை. "நான் இல்லாம இவளுக்கு வேலை நடக்காது" என்றார். அதோடு அந்தம்மா பட்டியலைப் புரட்டிப் பார்த்தார், அத்தை மேடையில் ஏறக் கூடாது என்று அதில் இல்லை. தாளைப் பிடித்துக்கொண்டே அத்தை முன்பக்கத்தையும் படித்துவிட்டார், அது வேறு விஷயம்.

விழா தொடங்கியது. முதலில் மேலதிகாரிகளுக்கு ஏதோ பரிசு. ஒருவர்கூடக் கோட்டில் நிற்கவில்லை. அலுவலக அறையை விட்டுத் தொழிற்சாலைக்குள் வந்திருந்தால்தானே கோடு தெரியும்? ஆறு பேரும் புகை. கணக்கு தப்பிவிட்டது, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

பிறகு தொழிலாளர்கள். முதல் பெயர், பாய்லர்காரர். ஏறினார், வாங்கினார், கோட்டருகே வந்தார். நின்றார். இரண்டு பாதமும் சேர்த்து. அடுத்தவர் நின்றார். அதற்கடுத்தவர் நின்று, வலப்பக்கம் இடப்பக்கம் சரக்கு வண்டி வருகிறதா என்று வேறு பார்த்துவிட்டுப் போனார். யாரும் சொல்லவில்லை அண்ணா, யாருக்கும் தெரியவும் இல்லை. பெரிய மாமாவுக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. படங்கள் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கின்றன, ஆனால் முகங்கள் முகங்களாக இருக்கின்றன. ஒவ்வொருவராக வர வர எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டி எதுவும் தெரியவில்லை. முதலில் அவர்களைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு கோட்டுக்கு இத்தனை பயமா என்று ஆத்திரமாக வந்தது. இரண்டையும் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

பதினேழாவது அம்மா. எண்ணவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. கோட்டுக்கு வந்தார், நின்றார், அழுத்தினேன்.

கண் திறந்திருக்கிறது. சும்மா இல்லை, இரண்டு கண்ணும் முழுசாக, அகலமாக. வாய்கூட லேசாகத் திறந்திருக்கிறது, கேடயம் கையிலிருந்து நழுவப் பார்க்கிறது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சேர்மனையும் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, இடது பக்கமாக, தூரத்தில் எதையோ பார்க்கிறார். நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே மூடிய கதவுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அப்படி எதைத்தான் பார்த்தாய் என்று கேட்டேன். "அதை உங்கிட்ட நான் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டார். கடுப்பாக இருக்கிறது. நான் மூன்று வாரம் உயிரைக் கொடுத்து ஒரு நொடியைப் பிடித்தால், அந்த நொடியில் இந்த அம்மா கதவைப் பார்க்கிறார்.

பட்டியலம்மாவுக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை. சேர்மனைப் பார்க்காத படத்தை விழா மலரில் போடமாட்டார்களாம். புகையாகப் போன ஆறு பேரைப் பற்றியும் ஒரு புதுப் பட்டியல் தயாராகிறது.

உன் சாவியை அத்தை கொடுத்தனுப்பிவிட்டாராம். யாரிடம் என்று கேட்டால் "நம்பிக்கையான ஆள்" என்கிறார். வந்து சேர்ந்ததா?

தங்கை

* * *

மார்ச் 28

தங்கைக்கு,

சாவி வந்து சேர்ந்தது. நம்பிக்கையான ஆள் நான்தான்.

விழா அன்று வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன். சாவிக்காகத்தான் வந்தேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் யாரும் இல்லை. அத்தையும் விழாவுக்குப் போயிருப்பார் என்று கம்பெனிக்குப் போனேன். காவலர் விடவில்லை. யார் நீ, எதற்கு வந்தாய் என்றார். சாவி வாங்க வந்தேன் என்றால் எவன் நம்புவான்? கடைசியில் அம்மாவின் பெயரைச் சொன்னேன். "அந்தத் தூங்குற அம்மா மகனா?" என்று சிரித்து உள்ளே விட்டார்.

அத்தை எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்க்கத்தான் பின்கதவைத் திறந்தேன். அந்த நொடியில் அம்மா கோட்டில் நிற்கிறார். நேராக என்னைப் பார்த்தார். ஆறு மாசம் கழித்துப் பார்க்கிறார், மீசை இல்லாமல். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

உன் முதுகையும் பார்த்தேன். பெரிய மாமாவைத் தூக்கிப் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றாய். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டிருந்தால் நீ திரும்பியிருப்பாய். வாக்கும் போயிருக்கும், படமும் போயிருக்கும். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து இலை உதிர்ந்த ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும், எழுதி வைக்கிறேன், வெயிலில் உட்கார்ந்து அழுதேன். தேநீர் இடைவேளையில் அத்தை வந்து சாவியைக் கொடுத்தார். "என் கழுத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

நீ இரண்டு நாள் ஏணியில் நின்றதைக் கேட்காமல் கத்தியது என் தப்பு. நான் ஊரை விட்டு வந்தது பச்சைக்காக இல்லை. நீ என்னைக் கேட்காமல் செய்துவிட்டாய் என்பதற்காக. நானும் உன்னைக் கேட்காமல் கிளம்பி வந்தேன், அப்போது அது எனக்குத் தெரியவில்லை. பச்சை. எழுதிவிட்டேன் பார்.

லென்ஸை இதோடு அனுப்புகிறேன். அத்தை கண்ணில் படாமல் பிரி. அந்தப் படத்தில் ஒரு பிரதி எனக்கு வேண்டும்.

அண்ணன்

* * *

ஏப்ரல் 3

அண்ணனுக்கு,

கதவுக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப் போகிற அளவுக்கு ரோஷம் எங்கிருந்து வந்தது உனக்கு? பத்து அடி தூரம். தோளில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அது பேசியதாகவா ஆகும்? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

லென்ஸ் வந்தது. அத்தை முன்னாலேயே பிரித்தேன். எத்தனை நாள் மறைப்பது? இதற்கு என்ன பெயர் என்று சொன்னதும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தை ஆட்டிப் பார்த்தார். கீறலைத் தடவினார். முந்தானையால் அதைத் துடைத்தார். பிறகு "இருட்டுல இதுக்கு நிஜமாவே நல்லாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். "சரி, பேரை மாத்தாதீங்க" என்றார். இந்த மாசம் முழுக்க இங்கேயே இருக்கப் போகிறாராம்.

நம் ஸ்டூடியோச் சுவருக்கு வெள்ளை வாங்கக் கடைக்குப் போனேன். பதினொரு வெள்ளை காட்டுகிறார்கள். எல்லாமே எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. இந்த முறை உன்னைக் கேட்காமல் எதையும் வாங்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து எது வெள்ளை என்று காட்டு. பேச வேண்டாம், விரலை நீட்டினால் போதும். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அந்தப் படத்தை அம்மா பெரிதாகப் போடச் சொல்லிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். படத்தில் சேர்மனின் பாதித் தோளும், நழுவுகிற கேடயமும், அம்மாவும்தான். நேற்று அவருடைய பிரிவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். எதற்கு எங்கேயோ பார்க்கிற படத்தை மாட்டியிருக்கிறீர்கள், வேறு நல்ல படம் இல்லையா என்று கேட்டார்கள்.

"இதுலதான் என் ரெண்டு பிள்ளைங்களும் இருக்காங்க" என்றார் அம்மா.

அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்த் தேடினார்கள். அம்மா சொல்லித் தரவில்லை. தேநீர் போட உள்ளே போய்விட்டார்.

தங்கை